மறைத்தால்தான் பீதி
நிபா மாதிரி உயிரைப் பறிக்கும் தொற்றுநோய் வரும்போது விவரங்களை வெளியே விட்டால் பீதிதான் பரவும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, நோயாளி எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எங்கெங்கே போனார் என்று கேரள அரசு அப்படியே வெளியிட்டது. அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் தாமாகவே சுகாதாரத் துறைக்குப் போன் செய்ய அது வழிவிட்டது. மற்றவர்கள் வீணாகப் பயப்பட வேண்டியதில்லை. பீதி எப்போது வந்தது என்றால், 2018இல் அதே கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா பரவியபோது. நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி இறந்தபிறகு, அவர் வேலை பார்த்த பேராம்பிரா மருத்துவமனையின் மற்ற செவிலியர்கள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்காரவே ஆட்கள் தயங்கினார்கள். பாவம், உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்தவர்கள். நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களுக்குத்தான் பெரும்பாலும் தொற்றும் என்பதை அரசு முதல் நாளே தெருத்தெருவாகச் சொல்லியிருக்க வேண்டும்.