திட்டம் ரத்தானால் சந்து தானாகத் திரும்பி வராது

"கட்டடத் திட்டம் ரத்தாகிவிட்டது, அதனால் நிலப் பரிமாற்றமும் செல்லாது, சந்து மறுபடி மாநகராட்சியுடையதுதான்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர்கள் பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள். அது சரியில்லை.

மாநகராட்சி சந்து நிலத்தைக் கட்டடம் கட்டவிருந்த கம்பெனிக்குக் கொடுத்து, பதிலுக்கு வேறு துண்டு நிலத்தை வாங்கியது பத்திரப்படி நடந்திருந்தால், அது 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு சொல்லும் பரிவர்த்தனை. விற்பனையைப் போலவே உரிமை கைமாறிவிடும். கட்டட அனுமதி வேறு, நில உரிமை வேறு. அனுமதி காலாவதியானாலும் பத்திரம் அப்படியேதான் நிற்கும். "திட்டம் நின்றால் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்று பத்திரத்தில் நிபந்தனை இருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். அப்போதும் சந்து மாநகராட்சி பெயருக்கு வர இன்னொரு பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டாலே முடிந்தது என்பதும் தவறு. தீர்மானம் அந்த வேலைக்கு ஒப்புதல், அவ்வளவுதான்.

பட்டாவைப் படம் எடுத்துப் போட்டு ஆதாரம் என்கிறார்கள். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. வில்லங்கச் சான்று, அதாவது அந்த நிலத்துக்குப் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள். சர்வே எண்ணைக் கொடுத்தால் பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பரிவர்த்தனைப் பத்திரம் மட்டும் இருந்து, திரும்ப எழுதிய பத்திரம் இல்லையென்றால், சந்து இன்னும் அந்தக் கம்பெனி பெயரில்தான். அப்புறம், நகர நில அளவைப் பதிவேட்டிலும் பெயர் மாறியிருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.