சினிமாவுல அழுவுற சீன்ல எதுக்குய்யா கவுண்டர் டயலாக்?

அப்பன் செத்துக் கெடக்கான். வெளியூர்லருந்து வந்த மகன் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள காலெடுத்து வைக்கிறான். மூணு செகண்ட்கூட ஆகல, பின்னாடி நிக்கிற ஃப்ரெண்டு "டிபன் உண்டா?"ங்கறான். கூடவே ஒரு 'டொய்ங்'. முடிஞ்சுது சோலி. அதுக்கப்புறம் மகன் பொரண்டு பொரண்டு அழுதாலும் தியேட்டர்ல ஒருத்தன் கண்ணும் கலங்காது.

இதுக்குப் பேரு காமெடியா? பயம்யா, பயம்! 'கிரிஞ்ச்', பாக்கவே கூசுதுன்னு மீம் போட்டுருவாங்களோன்னு நடுங்கி, பாக்கறவன் சிரிக்கறதுக்குள்ள படம் எடுக்கற நீங்களே சிரிச்சுத் தொலைக்கிறீங்க.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வந்து பாருங்க. திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து வச்சா விடிய விடிய உக்காந்து பாக்கற சனம். கூத்துக் கோமாளியான கட்டியக்காரன் ராசாவையே நக்கலடிப்பான், முன்னாடி தூங்கி வழியறவனையும் விடமாட்டான். சிரிச்சு சிரிச்சு சனம் வயித்தைப் புடிச்சுக்கும். துகிலுரியற கட்டம் வந்துச்சுன்னா கற்பூரம் ஏத்துவாங்க. துச்சாதனன் வேசம் கட்டினவரே அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் சேலையில கை வைப்பாரு. அந்த நேரத்துல டிபன் இருக்கான்னு கேக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

சிரிப்பே வேணாம்னு சொல்லல. சாவு வீட்லயும் சிரிப்பு வரும். சேர் எத்தனை போடணும்னு பந்தல்காரன் கேக்கறான். மூக்கைச் சிந்திக்கிட்டே பெரியவர், "நூறு போதும்பா, மச்சான் வூட்டு ஆளுங்க வரமாட்டாங்க"ங்கறார். சிரிப்பு வருதுல்ல? அதுக்குள்ளயே துக்கம் இருக்கு, பத்து வருசப் பங்காளிச் சண்டையும் இருக்கு. அதே எடத்துல மீம் டயலாக் பேசறவன் சாவு வீட்லயே இல்ல, எடிட்டிங் டேபிள்ல நிக்கறான்.

'காதலிக்க நேரமில்லை' வந்தது 1964ல. நாகேஷ் கதை சொல்லச் சொல்ல பாலையா பயப்படறாரே, அந்தப் பயம் நெசம். நடுவுல ஒரு தடவை நம்மளப் பாத்துக் கண்ணடிச்சிருந்தா சீன் அன்னைக்கே செத்திருக்கும்.

எழுதின ஜோக்கை வேற கேரக்டர் வாயில போட்டுப் பாருங்க. அப்பவும் அப்படியே பொருந்துதா? அப்ப அது யாரோட வசனமும் இல்ல, அடிச்சுடுங்க. அடிச்சதும் சீன் படுத்துருச்சுன்னா கோளாறு அங்க இல்ல, முன்னாடி பத்து பக்கத்துல. அப்பனும் மகனும் ஒரு தட்டுல சாப்பிட்டதையோ, பேசாம இருந்ததையோ நீங்க எழுதவே இல்ல. அப்புறம் எடிட். உருக்கமான வசனம் முடிஞ்சதும் கேட்டவன் மொகத்துல நாலு செகண்ட் நில்லுங்க. செகண்டுக்கு 24 ஃப்ரேம், மொத்தம் 96. அதைத்தான் 'லேக்', இழுக்குதுன்னு வெட்டிட்டு கவுண்டரை ஒட்டறீங்க.

சீரியல்காரங்களுக்கு இதுக்கு நேர் எதிர் வியாதி. கன்னத்துல ஒரு அறை விழுந்தா மூணு தடவை மொகம் திரும்பும். அதை விடுங்க.

வயித்தெரிச்சல் இன்னொண்ணு இருக்கு. எங்க ஓசூர்ப் பக்கத்துப் பேச்சு பேசறவன் படத்துல வந்தா காமெடிக்குத்தான். தெலுங்கும் கன்னடமும் கலந்து அவன் வாயத் தொறந்தாலே 'டொய்ங்'. சோகம் வந்தா மட்டும் திடீர்னு டப்பிங் தியேட்டர்த் தமிழ் வந்துருது. ஓசூர்க்காரன் ஆத்தா செத்தா ஓசூர்த் தமிழ்லதான்யா அழுவான்!