கண்ணகி நகர் மாறிடுச்சாம்

போன வாரம் ஆபீஸ் கேண்டீனில் கூட வேலை பார்க்கும் சார் ஒருவர் போனை நீட்டி, "மேடம், இந்த வீடியோ பாத்தீங்களா, கண்ணகி நகர் எப்படி மாறிடுச்சு பாருங்க" என்றார். சுவர் ஓவியங்கள், டிரோன் காட்சி, பின்னால் கானா, கடைசியில் கபடி வீராங்கனை கார்த்திகா. நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். "ஒரு ஞாயித்துக்கிழமை பசங்களக் கூட்டிட்டுப் போலாமா, சேஃபா இருக்குமா?" என்று கேட்டார். "போலாம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு டப்பாவை மூடினேன். எட்டு வருஷமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். சென்னைக் குடிசைகளில் இருந்தவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் குடிவைத்த ஊர் அது, நான் வளர்ந்தது அங்கேதான் என்று அவருக்குத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கெங்கோ போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் இருந்தவர்கள். 2001 டிசம்பர், எனக்கு ஒன்பது வயசு, அரைப்பரீட்சைக்குப் பத்து நாள்கூட இல்லை, லாரியில் பாத்திரம், கட்டில், ஆட்டுக்கல், பாட்டி எல்லாவற்றையும் ஏற்றிக் கொண்டுவந்து துரைப்பாக்கத்தில் இருக்கும் இந்தக் கண்ணகி நகரில் இறக்கினார்கள். அந்தப் பரீட்சையை நான் எழுதவே இல்லை. அதே டிசம்பரில்தான் மெரினாவில் இருந்த கண்ணகி சிலையையும் எடுத்தார்கள். சிலை 2006-ல் திரும்பக் கடற்கரைக்கே வந்துவிட்டது. அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்: "அவ பேர வச்ச ஊர்ல நம்மள தள்ளிட்டு, அவ மட்டும் பீச்சுக்குப் போய்ட்டா பாரு."

கண்ணகி நகரில் ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் 195 சதுர அடி. எண்ணைச் சொன்னால் புரியாது. நாங்கள் ஆறு பேர். எல்லோரும் படுத்துவிட்டால் கதவு திறக்காது. ராத்திரி பாத்ரூம் போக வேண்டுமென்றால் அண்ணனை எழுப்பி, அவன் திட்டிக்கொண்டே உட்கார்ந்து காலை மடக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குக் குடம் வரிசை. எங்கள் குடத்துக்கு அடையாளம் ஒரு சிவப்பு ரிப்பன், அதைக் கழற்றி வேறு குடத்தில் கட்டிவிட்டார்கள் என்று அம்மாவுக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் நடந்த சண்டை ஒரு வாரம் ஓடியது. அப்புறம் அந்த அக்காதான் எனக்குச் சடங்கு சுற்றினார், அது வேறு கதை.

வீடு சின்னது என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம், கால்வாய் ஓரத்தில் என்ன மாளிகையா இருந்தது. பொறுக்க முடியாதது தூரம். அம்மா மந்தைவெளியில் நாலு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். நடந்து போய்விட்டு வருவாள், நடுவில் வந்து எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பப் போவாள். இங்கே வந்த பிறகு விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, பஸ் மாறிப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். சம்பளத்தில் பாதி டிக்கெட்டுக்கே போனது. முதலில் இரண்டு வீட்டை விட்டாள், அப்புறம் நாலையும் விட்டாள். அப்பாவுக்குத் தெரிந்த மேஸ்திரிகள் எல்லாம் ஊருக்குள் இருந்தார்கள், அவர் தினமும் நின்று வேலை பிடித்த முனையும் ஊருக்குள் இருந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் குடித்தார். இந்த வரியை எங்கள் பிளாக்கில் பாதி வீட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. அப்போது ஒக்கியம் துரைப்பாக்கம் ஒரு கிராம ஊராட்சி. 2011-ல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. அதாவது மாநகரத்தின் நடுவில் இருந்தவர்களை ஆயிரக்கணக்கில் பெயர்த்து ஒரு கிராமத்தின் தலையில் கட்டிவிட்டு, பத்து வருஷம் கழித்துத்தான் அந்தக் கிராமத்தையே நகரத்தில் சேர்த்தார்கள். இன்றைக்கு அங்கே 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு சின்ன டவுனின் ஜனத்தொகை. டவுனுக்கு வேண்டிய பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் ஜனங்கள் வந்து சேர்ந்த பிறகு ஆடி அசைந்து ஒவ்வொன்றாக வந்தன. வேலை போன ஆம்பளைகளையும் பள்ளிக்கூடம் நின்றுபோன பையன்களையும் ஓரிடத்தில் குவித்துவைத்தால் என்ன ஆகுமோ அது ஆனது. கஞ்சா இருந்தது, வெட்டுக்குத்து இருந்தது, இல்லவே இல்லை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. என்னோடு ஏழாவது படித்த இரண்டு பேர் உயிரோடு இல்லை. ஆனால் சென்னையில் எந்த மூலையில் செயின் அறுந்தாலும் எங்கள் ஊரைச் சேர்த்துப் பேசுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

அதனால்தான் நாங்கள் எல்லோரும் "துரைப்பாக்கம்" ஆனோம். காலேஜில் துரைப்பாக்கம், பயோடேட்டாவில் துரைப்பாக்கம், பெண் பார்க்க வந்தவர்களிடமும் முதலில் துரைப்பாக்கம்தான். முதல் மாச சம்பளத்தை நம்பி ஸ்கூட்டி லோனுக்குப் போனேன். எல்லாப் பேப்பரும் சரி என்றார்கள், அப்புறம் தெருப் பெயரைக் கேட்டார்கள். "அது நெகட்டிவ் ஏரியா மேடம்", அதாவது லோன் கொடுக்கக் கூடாத ஏரியா, என்று அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், அவனைக் குறை சொல்ல முடியாது. பின்கோடு 600097. அதே பின்கோட்டில்தான் கண்ணாடிக் கட்டடக் கம்பெனிகளும் இருக்கின்றன. அவர்களுக்கு அது பாசிட்டிவ் போல.

சரி, இப்போது மாறியதைப் பற்றி.

2020 தொடக்கத்தில் ஒரு கலை அமைப்பும் ஒரு பெயின்ட் கம்பெனியும் மாநகராட்சியும் சேர்ந்து பிளாக் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். எனக்கு அவை பிடிக்கும், மறைக்க என்ன இருக்கிறது. பொழுது போகாமல் படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் கிரேனில் தொங்கிக்கொண்டு வரைகிறவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள். "எங்க பிளாக்ல முகம் இல்ல, வெறும் கட்டம் கட்டமா போட்டுட்டான்" என்று சண்டை வேறு. வெளியூர்க்காரர்கள் கேமராவோடு முதல் தடவை பயமில்லாமல் உள்ளே வந்தார்கள், அதுவே பெரிய விஷயம். ஆனால் ஒரு சுவரில் இருக்கும் முகத்தின் காதோரமாகக் கழிவுநீர்க் குழாய் இறங்குகிறது. அது ஒழுகி ஒழுகி, மழைக்கு அப்புறம் கன்னமெல்லாம் பச்சை. முகம் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. வீடியோ எடுக்கிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் எடுத்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், ஊரைத் தூக்கி நிறுத்தியதில் பெயின்டைவிட பஸ்ஸுக்குப் பங்கு அதிகம். 2000-ல்தான் டைடல் பார்க் என்கிற பெரிய ஐ.டி. வளாகத்தைத் திறந்தார்கள், எங்கள் ஊரும் அப்போதுதான் உருவாக ஆரம்பித்தது. ஐ.டி. கம்பெனிகள் ஒவ்வொன்றாக தெற்கே நகர நகர, அங்கே தரை துடைக்க, கேண்டீனில் பாத்திரம் கழுவ ஆள் தேவைப்பட்டது. எங்கள் அம்மாக்கள் போனார்கள். மயிலாப்பூர் வேலை போய், பெருங்குடியில் நீல யூனிஃபார்ம் போட்ட வேலை. சம்பளம் கொஞ்சம்தான், ஆனால் மாசம் பிறந்தால் வரும். 2021-ல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்ததே, அதன் அருமை கண்ணகி நகர் பஸ் ஸ்டாண்டில் காலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தால்தான் தெரியும். ஓசி பஸ் என்று நக்கலடிக்கிறவர்கள் ஒரு நாள் வாருங்கள். அம்மாவுக்கு மிச்சமான காசு எங்கே போனது என்று எனக்குத் தெரியும், தங்கச்சி நர்சிங் ஃபீஸுக்குப் போனது.

அப்புறம் அந்த இருபத்தைந்து வருஷம். வேறு வழியில்லாமல் இருந்தவர்கள் இருந்து இருந்தே ஊராக்கினார்கள். மொட்டை மாடியில் சாயங்காலம் டியூஷன் எடுத்த அண்ணன்கள், கட்டில் போட்டு இட்லிக்கடை ஆரம்பித்து இப்போது கிரைண்டர் மூன்று வைத்திருக்கும் எங்கள் சித்தி, சீட்டுப் பிடித்தே நாலு பெண்களைக் கட்டிக்கொடுத்த எதிர்வீட்டு அக்கா (ரிப்பன் சண்டை அக்காதான்). இவர்களை எந்த டிரோனும் படம் பிடிக்காது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி. பெண்கள் கபடி இறுதிப் போட்டியில் இந்தியா ஈரானை 75-21 என்று புரட்டி எடுத்தது, அந்த அணியின் துணைத் தலைவி எங்கள் ஊர் கார்த்திகா. அன்றைக்கு அம்மா எனக்கு ஏழு தடவை போன் பண்ணினாள். முதலமைச்சர் 25 லட்சம் கொடுத்தார், பத்திரிகைகள் எல்லாம் "கண்ணகி நகர் கார்த்திகா" என்று எழுதின. அந்தப் பிள்ளை பேசிய இடத்திலெல்லாம் ஊர் பெயரைச் சொல்லித்தான் பேசியது. துரைப்பாக்கம் என்று சொல்லவில்லை. நான் ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். என்னில் பாதி வயசு இருக்குமா அதற்கு, எனக்கு வராத தைரியம்.

ஆனால் எனக்கு எரிச்சல் எங்கே வருகிறது என்றால், மாறிவிட்டது, மாறிவிட்டது என்று கொண்டாடுகிறவர்கள் யாரும் அது ஏன் அப்படி ஆனது என்று கேட்பதே இல்லை. என்னவோ நாங்கள் பிறவியிலேயே கெட்டுப்போய், வர்ணம் அடித்ததும் திருந்திவிட்டோம் என்கிற மாதிரி. குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கிய காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டிக் கொடுத்தார்கள், மெரினா ஓரத்து மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்தில் கட்டியது அப்படித்தான். மீன்பிடிக்கிறவன் கடலைப் பார்த்துக்கொண்டே மாடியில் இருந்தான். அந்த யோசனை ஏற்கெனவே நம்மிடம் இருந்தது, யாரும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. 2021-ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள், நல்ல பெயர்தான். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்றோரத்து ஜனங்களை எங்கே கொண்டுபோனார்கள்? எங்களையும் தாண்டி, பெரும்பாக்கத்துக்கு. 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு அடுக்கு. நாங்கள் 2001-ல் பட்டதை அவர்கள் லிஃப்ட்டோடு பட்டார்கள். இன்னும் பத்து வருஷத்தில் அங்கேயும் சுவரில் படம் வரைவார்கள், பெரும்பாக்கம் மாறிடுச்சு என்று வீடியோ வரும்.

எங்கள் ஊர்ப் பக்கம் போகும் பழைய மகாபலிபுரம் சாலையில், அதான் ஓ.எம்.ஆரில், மெட்ரோ வேலை நடக்கிறது. அது வந்ததும் எங்கள் ஊர் இடத்துக்கு மதிப்பு ஏறும் என்று புரோக்கர்கள் இப்போதே வீடு வீடாக விசாரிக்கிறார்கள். அம்மா கேட்கிறாள், "இந்த வாட்டி எங்க தூக்கிப் போடுவானுங்க?" நான் அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கேண்டீன் சார், நீங்கள் என் ஃபிரெண்ட் லிஸ்டில் இருக்கிறீர்கள், இதைப் படிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பசங்களைக் கூட்டிக்கொண்டு வாங்க. பஸ் ஸ்டாண்டில் இறங்கி இட்லிக்கடை சித்தி வீடு எது என்று கேளுங்கள், எங்கள் பிளாக் பக்கத்திலேயே. பதினோரு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கப்புறம் மார்க்கெட்டில் வஞ்சிரம் தீர்ந்துவிடும், அம்மா என்னைத்தான் திட்டுவாள்.