நாகர்கோவில் அமர்வு நீதிமன்றத்தில் ஜூரி கேட்க முடியுமா?
நாகர்கோவில் அமர்வு நீதிமன்றத்தில் கொலை வழக்கை எதிர்கொள்பவர் நீதிபதி வேண்டாம், ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) வேண்டும் என்று மனுக் கொடுக்கலாம் என ஒரு நண்பர் எழுதியிருப்பது தவறு. 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த குற்ற விசாரணை முறைச் சட்டம் ஜூரி விசாரணைக்கு இடமே வைக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அதை மீட்டுக் கொண்டுவரவில்லை.

அதற்கு முந்தைய 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலும், எந்த மாவட்டத்தில் எந்தக் குற்றங்களுக்கு ஜூரி என்பதைப் பொதுவாக மாநில அரசே ஆணையிட்டுத் தீர்மானித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் விருப்பத்துக்கு அது விடப்படவில்லை. கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கோடு 1959இல் ஜூரி முறை ஒழிந்தது என்று இன்னொருவர் சொல்வதும் சரியன்று. அதன் பின்னரும் சில இடங்களில் அது தொடர்ந்தது.

நீதிபதியா ஜூரியா என்று நண்பர் சொல்லும் தேர்வு அமெரிக்காவுக்கு உரியது. அங்கேகூட, கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஜூரியைக் கைவிட்டு நீதிபதியிடம் மட்டும் விசாரணை கோருபவர் அதை எழுத்தில் தர வேண்டும், அரசுத் தரப்பு இசைய வேண்டும், நீதிமன்றமும் ஏற்க வேண்டும்.

இங்கே நீதிபதி தம் தீர்ப்புக்கான காரணங்களை எழுதியே ஆக வேண்டும் என்பதை நான் பெரிய பாதுகாப்பாகக் கருதுகிறேன், ஏனெனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யும் குடும்பம் அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எதிர்த்து வாதிட முடியும். வழக்கில் சிக்கியுள்ள எவரும் இல்லாத உரிமையை நம்பி மனு எழுதக் காசு செலவழிக்க வேண்டாம்; பணமில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞரைக் கேட்கலாம்.