தை மாதத் தீயும் பங்குனித் தீயும்

மாசி பிறந்தால் போதும், காட்டுத்தீ வீடியோக்கள் வாட்ஸப்பில் வரத் தொடங்கிவிடும். கீழே வரும் கமென்ட்டும் வருஷா வருஷம் ஒன்றுதான்: “தீ வச்சவனைத் தூக்குல போடுங்க.” கோபத்தில் தப்பில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக்கு மலையேறப் போனவர்களில் இருபது பேருக்கும் மேல் கருகிச் செத்தார்கள். அடுத்த வருடமே பந்திப்பூரில் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. இத்தனைக்குப் பிறகும் சொல்கிறேன், வறண்ட இலையுதிர் காட்டில் தீயே கூடாது என்று பிடிவாதம் பிடிப்பது அடுத்த பெருந்தீக்கு விறகு அடுக்கி வைக்கிற வேலை. திட்டுவதற்கு முன் முழுசாகப் படித்துவிடுங்கள்.

திம்பம் மலைப்பாதை ஏறி ஆசனூர் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் போனால் பிளிகிரிரங்கன் மலைத்தொடர். சோளகர் என்ற பழங்குடி மக்களின் காடு. எல்லைக்கு இந்தப் பக்கம் சத்தியமங்கலம் மலைகளில் இருப்பவர்களும் அதே மக்கள்தான். பிளிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் தை வாக்கில், பனி இறங்கிக்கொண்டிருக்கும்போதே, தரையில் கிடக்கும் சருகுக்குத் தீ வைப்பார்கள். ‘தரகு பெங்கி’ என்று பெயர். அந்த நேரத்தில் புல்லின் தூரில் ஈரம் மிச்சம் இருக்கும், காற்றும் வேகம் பிடித்திருக்காது. தீ தாழ்வாக, மெதுவாக ஊர்ந்துபோய் ஓடைக்கரை ஈரத்தில் தானே அணைந்துவிடும். கருமருது, வேங்கை போன்ற தடித்த பட்டை மரங்களுக்கு அதனால் பெரிய சேதம் கிடையாது. பிறகு புதுப்புல் துளிர்க்கும், மானும் காட்டெருதும் மேய வரும்.

1974இல் அந்த மலை சரணாலயம் ஆனது. சரணாலயத்துக்குள் தீ வைப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி குற்றம். தை மாதத் தீ நின்றது. காடு எரிவது நின்றதா என்றால், இல்லை. பங்குனி, சித்திரையில் இலையெல்லாம் கொட்டி, புல் காய்ந்து மொறமொறவென்று நிற்கும்போது, யாரோ போட்ட பீடித் துண்டிலோ யாரோ தீர்த்துக்கொண்ட வஞ்சத்திலோ பற்றிக்கொள்கிறது. நம் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதர் கையால்தான் மூள்கிறது. அந்த மாதத்தில் மூளும் தீ யார் சொன்னாலும் நிற்பதில்லை.

தீ நின்ற காட்டில் உண்ணிச்செடி (லாண்டானா) மண்டியது. தென்னமெரிக்கச் செடி, வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தோட்டத்தில் அழகுக்கு வைத்தது. (பூ அழகுதான், மறுக்கவில்லை.) பழத்தைக் குருவி தின்று விதையைக் காடெங்கும் போட்டுவிட்டது. மான் அதை ஒதுக்கிவிடும், அதன் நிழலில் புல்லும் முளைக்காது. 1997இலும் 2008இலும் பிளிகிரிரங்கன் மலையை அளந்த ஆய்வாளர்கள், இடைப்பட்ட 11 ஆண்டுகளில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு இடத்துக்குப் பரவியிருந்ததைக் கண்டார்கள். சோளகர்கள் சொல்லும் விளக்கம் எளிமையானது: முன்பு தை மாதத் தீயில் அதன் நாற்றும் விதையும் பொசுங்கிப்போகும், இப்போது பொசுக்க ஆளில்லை.

நெல்லி மரத்திலும் இதே கதை. மரங்களில் புல்லுருவி ஏறிச் சாகடிப்பதைப் பற்றிக் கேட்டபோது, தீ நின்றதுதான் புல்லுருவி பெருகக் காரணம் என்றார்கள் சோளகர்கள். நெல்லி பறிப்பவர்கள் மேல் பழிபோட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கோணம் தோன்றவே இல்லை.

இதை ஆதிவாசி மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. வங்காளம், அசாம் பக்கத்துச் சால் மரக் காடுகளில் ஆங்கிலேய வன இலாகா தீயை அடியோடு நிறுத்திப் பார்த்தது. கீழே ஈரப் புதர் அடர்ந்து, சால் நாற்று தலையெடுக்கவில்லை. கடைசியில் அதே இலாகா அதிகாரிகள் திட்டம் போட்டுத் தீ வைத்தார்கள். அமெரிக்கர்கள் 1935இல் எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்தாக வேண்டும் என்று விதி போட்டு, சில பத்தாண்டுகளில் கைவிட்டார்கள். நாம் மட்டும் விடுவதாக இல்லை.

சரி, நாளைக்கே தீப்பெட்டியோடு கிளம்பலாமா? கூடவே கூடாது. இன்று உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மேல் புதராக நிற்கிறது. இப்போது பற்றவைத்தால் அதையே ஏணியாக்கித் தீ மரத்தின் கொப்புக்கு ஏறிவிடும். எரிந்த உண்ணியும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். முதலில் வேரோடு பிடுங்க வேண்டும், புல் திரும்ப வேண்டும், அதற்குப் பிறகே குளிர்ந்த தீ, அதாவது தை மாதத்தில் தாழ்வாக ஊரும் தீ. அதுவும் ஒரே துண்டில் வருஷா வருஷம் வைத்தால் மரக்கன்றுகள் எழும்பாது, இடம் மாற்றி மாற்றித்தான் வைக்க வேண்டும். சோலைக்காட்டுக்கும் ஆற்றோரக் காட்டுக்கும் இந்தப் பேச்சே வேண்டாம். அங்கே தீ என்றால் அழிவுதான்.

வேடிக்கை என்னவென்றால், வனத்துறையும் ஒவ்வொரு கோடைக்கு முன்பும் தீ தாண்டிப் பரவாமலிருக்கத் தீத்தடுப்புக் கோடு போட்டு, அதிலுள்ள புல்லை எரிக்கத்தான் செய்கிறது. அந்த வேலைக்கும் தீக்காவலுக்கும் தினக்கூலிக்கு வருபவர்களில் பழங்குடியினர் நிறைய. கூலிக்கு எரித்தால் பணி, தன் அறிவால் எரித்தால் வழக்கு.

2011இல் பிளிகிரிரங்கன் மலைக் கிராமசபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே முதல்முறை. காட்டைப் பேணி நிர்வகிக்கும் உரிமையும் அதில் அடக்கம். ஆனால் தீ விஷயத்தில் 30ஆம் பிரிவு அப்படியே குறுக்கே நிற்கிறது.

ரேஞ்சர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. வைத்த தீ கைமீறினால் முதலில் சஸ்பெண்ட் ஆவது அவர்தான். வைக்காமல் விட்டு ஏப்ரலில் பாதிக் காடு எரிந்தால் அது ‘இயற்கைப் பேரிடர்’. எந்த மனிதர் கையெழுத்துப் போடுவார்? அதனால் என் கோரிக்கை சின்னது. சத்தியமங்கலத்தில் உண்ணி அகற்றிய சில துண்டு நிலங்களில் மட்டும், கிராமசபையும் வனத்துறையும் சேர்ந்து எழுத்தில் திட்டம் போட்டு, தை மாதத்தில் எரித்துப் பார்க்கட்டும். எரிக்காத துண்டுகளையும் பக்கத்திலேயே விட்டுவைத்து, ஐந்தாறு வருஷம் இரண்டையும் அளக்கட்டும். திட்டப்படி நடந்த அதிகாரிமேல் நடவடிக்கை கிடையாது என்று அரசு முன்கூட்டியே உத்தரவு போட வேண்டும். துறையில் இருக்கும் நண்பர்களே, இதில் எங்கே ஓட்டை என்று கமென்ட்டில் சொல்லுங்கள்.