பழைய வி8 போதும்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு எஞ்சின் மாற்றுவதென்றால் நவீன எஞ்சின்தான் சரி என்கிறது ஒரு கட்டுரை. எனக்குப் பாதிதான் சம்மதம். ரோவர் கம்பெனியின் 3.5 லிட்டர் வி8, அதாவது V வடிவில் எட்டு சிலிண்டர் உள்ள எஞ்சின், பழசுதான். ஆனால் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம், அதனால் எடை எம்ஜிபியின் பழைய இரும்பு நான்கு சிலிண்டர் எஞ்சினை மிஞ்சாது. 1973-லேயே எம்ஜிபியைத் தயாரித்த கம்பெனியே அதை எம்ஜிபி ஜிடியில் (கூரை மூடிய எம்ஜிபி) பொருத்தி விற்றது. பெட்ரோலையும் காற்றையும் கலக்க இரண்டு கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்க ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், அவ்வளவுதான். இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), சென்சார் என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆனால் வாங்கும் முன் எஞ்சினின் மேலே இருக்கும் வால்வு கவரைக் கழற்றிப் பாருங்கள். கறுப்புக் கசடு அப்பியிருந்தால் ஆயில் ஒழுங்காக மாற்றவில்லை என்று அர்த்தம், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் தேய்ந்திருக்கலாம். அப்புறம் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். வெறும் தண்ணீரில் ஓடிய எஞ்சின் என்றால் அலுமினியம் உள்ளுக்குள் அரித்திருக்கும். வெளியே புதுப் பெயின்ட் பளபளத்தால் எனக்கு இன்னும் சந்தேகம்தான் வரும்.