எட்டடி ஷீட்டுக்கு எவ்வளவு பாடி?

சிறிய சரக்கு வண்டி வாங்குவது பற்றிய கட்டுரையில் ‘பட்ஜெட் இடம் கொடுத்தால் நீளமான பாடியையே எடுங்கள்’ என்று சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாடி என்றால் வண்டியில் சரக்கு ஏற்றும் தொட்டி. பல வருடமாக பிளைவுட் லோடு ஓட்டுகிறேன். ஒரு ஷீட் எட்டுக்கு நாலு அடி. டாடா ஏஸ் கோல்டு, அதாவது நம்ம குட்டி யானையின் பாடி 7.2 அடிதான், பின்கதவைத் திறந்து போட்டால்தான் ஷீட் உள்ளே போகும். டாடாவின் இன்ட்ரா வி30 என்றால் 8.8 அடி, கதவை நிம்மதியாகச் சாத்திவிடலாம். எனக்கு அது தாராளம். இன்ட்ரா வி50-இல் 9.7 அடி கிடைக்கும், சரி, ஆனால் கடைவீதிச் சந்துகளில் திருப்பும்போது அந்த நீளம் தெரியும். இருபதடி ஜிஐ பைப் ஏற்றுபவர்களுக்கோ இரண்டுமே போதாது.

இன்னொன்றையும் கட்டுரை தொடவில்லை. நீளமான பாடியில் கனமான சரக்கைப் பின்கோடியில் அடுக்கினால் பின் ஆக்சிலுக்கு வெளியே பாரம் விழும். முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. ஒருமுறை மழையில் அப்படி ஓட்டி நடுங்கிப்போனேன். வாங்கும் முன் டேப் எடுத்துப்போய் பாடியின் உள்ளளவை நீங்களே அளந்து பாருங்கள்.